இசை வரலாற்றில் இன்று: சொந்தமாகத் தேதிக் குறிப்பேடு தொடங்குவோருக்கு

'இசை வரலாற்றில் இன்று' என்ற தலைப்பில் தினமும் ஏதாவது ஒரு பட்டியல் கண்ணில் பட்டுவிடுகிறது. இன்னார் பிறந்த நாள், இன்னார் மறைந்த நாள், இன்ன பாட்டு பதிவான நாள். படிக்கச் சுவையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே நாளுக்கான நான்கு பட்டியல்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும். யாரும் வேண்டுமென்று பொய் எழுதியிருக்க மாட்டார்கள். ஒருவர் பாட்டு பதிவான நாளைப் போட்டிருப்பார், இன்னொருவர் இசைத்தட்டு கடைக்கு வந்த நாளைப் போட்டிருப்பார், மூன்றாமவர் இரண்டையும் நகலெடுத்துக் குழப்பியிருப்பார்.

இப்படியொரு பட்டியலை நாமே உருவாக்கலாமே என்று நினைப்பவர்களுக்காக எழுதியது இது. பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு கணினி அட்டவணை போதும், அல்லது கோடு போட்ட தடிமனான நோட்டு. ஒரு தேதி கையில் கிடைத்ததும் 'அந்த நாளில் சரியாக என்ன நடந்தது?' என்று கேட்டுப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் எல்லை

வெகுஜன இசை என்பது பெருங்கடல். ஜாஸ், ப்ளூஸ், ராக், கன்ட்ரி எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடல்கள், திரைப்பாட்டு, டாங்கோ, ரெகே என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சேர்க்கப் போனால் ஜனவரி தாண்டுவதற்குள் சலித்துவிடும். உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த ஒரு வகையையோ, ஒரு இருபது ஆண்டுக் காலத்தையோ எடுத்துக்கொண்டு அதிலிருந்து விரியுங்கள். எடிசனின் ஃபோனோகிராஃப் 1877இல் வந்தது. தட்டையான தட்டில் ஒலியைப் பதியும் கிராமஃபோனுக்கு எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை பெற்றார். ஒலிப்பதிவைச் சேர்த்த பட்டியல் என்றால் அதற்கு முன்னால் போக வேண்டிய அவசியமில்லை.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது? புகழை அளவாக வைத்தால் பட்டியல் பிரபலங்களின் பிறந்தநாள் வாழ்த்துத் தொகுப்பாகிவிடும். 'இதற்குப் பிறகு ஏதாவது மாறியதா?' என்று கேட்பது நல்ல வடிகட்டி. 1920 ஆகஸ்ட் 10 அன்று நியூயார்க்கில் ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக மேமி ஸ்மித் 'கிரேஸி ப்ளூஸ்' பாடிப் பதிந்தார். அவர் பெயரை இன்று கேள்விப்படாதவர்களே அதிகம். ஆனால் அந்தத் தட்டு விற்ற வேகத்தைப் பார்த்த பிறகுதான், கறுப்பின மக்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்பது நிறுவனங்களுக்கு உறைத்தது. கறுப்பினப் பாடகியரைத் தேடித் தேடிப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். இந்தத் தேதியை விட்டுவிட்டு, யாரோ ஒரு நட்சத்திரத்தின் நாலாவது ஆல்பத்தைச் சேர்ப்பதில் அர்த்தமில்லை.

அட்டவணை போடும்போது

ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் ஒரே கட்டத்தில் எழுதாமல் தனித்தனிக் கட்டங்களில் எழுதுங்கள். சின்ன விஷயம் மாதிரித் தெரியும், பின்னால் பெரிய தலைவலியை மிச்சப்படுத்தும். முதல் காரணம், எக்செல் அட்டவணை மென்பொருள் 1900க்கு முந்தைய தேதியைத் தேதியாகவே ஏற்காது. டாங்கோ மன்னர் கார்லோஸ் கார்டெல் பிறந்தது 1890இல். இரண்டாவது, 4/8 என்று எழுதியதை ஒரு கணினி ஆகஸ்ட் 4 என்றும் இன்னொரு கணினி ஏப்ரல் 8 என்றும் படிக்கும். மூன்றாவதுதான் முக்கியம்: பல நேரங்களில் ஆண்டும் மாதமும் தெரியும், நாள் தெரியாது. தனிக் கட்டம் இருந்தால் அதைக் காலியாக விட்டுவிடலாம்.

காலியாக விடத் தயங்காதீர்கள். பல தரவுத்தளங்கள் நாள் தெரியாத இடத்தில் தாமாகவே ஜனவரி 1 என்று நிரப்பிவிடுகின்றன. அதை நம்பி எத்தனையோ கலைஞர்கள் புத்தாண்டு அன்று பிறந்தவர்களாகிவிட்டார்கள். எங்கே ஜனவரி 1ஐப் பார்த்தாலும் ஒரு முறை சந்தேகப்படுங்கள். கல்கத்தாவில் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க், பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தது 1902 நவம்பரில். நாள் மட்டும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்படுகிறது. என்னுடைய அட்டவணையில் அது '1902, நவம்பர், —' என்றுதான் இருக்கிறது.

இந்த மூன்றுக்கும் அடுத்து நான்கு கட்டங்கள்: என்ன நடந்தது, எங்கே நடந்தது, எங்கிருந்து தெரிந்துகொண்டேன், எவ்வளவு உறுதி. கடைசிக் கட்டத்துக்கு 'ஆவணம் உண்டு', 'பலர் சொல்கிறார்கள்', 'சர்ச்சை' என்று மூன்றே மூன்று குறிப்பு போதும். ஆதாரக் கட்டத்தை மட்டும் பிறகு நிரப்பலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பிறகு என்பது வரவே வராது.

பிறந்த நாளை நம்புவதற்கு முன்

பிறந்த தேதிதான் எளிது என்று தோன்றும். இசைக்கலைஞர்கள் விஷயத்தில் அப்படியில்லை. சின்ன வயதிலேயே கிளப்பில் வாசிக்க வேண்டும் என்பதற்காக வயதைக் கூட்டிச் சொன்னவர்கள் உண்டு, மேடையில் இளமையாகத் தெரிய வேண்டும் என்று குறைத்துச் சொன்னவர்கள் உண்டு, தனக்கே தெரியாதவர்களும் உண்டு.

லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கைப் பாருங்கள். தான் பிறந்தது 1900 ஜூலை 4 என்றே அவர் சொல்லிவந்தார். அமெரிக்க சுதந்திர தினம், புது நூற்றாண்டு, ஜாஸின் நாயகன் என்று எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியதால் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. முதல் உலகப் போர்க்காலப் படைச்சேர்ப்புப் பதிவிலும் அதே தேதிதான் இருக்கிறது. அவர் 1971 ஜூலை 6 அன்று மறைந்தார். 1980களில் நியூ ஆர்லியன்ஸ் தேவாலயம் ஒன்றின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயர் கிடைத்தது. ஞானஸ்நானம் 1901 ஆகஸ்ட் 25, பிறப்பு 1901 ஆகஸ்ட் 4. ஒரே பதிவு, எழுபது ஆண்டுக் கொண்டாட்டத்தை ஒரு வருடமும் ஒரு மாதமும் நகர்த்திவிட்டது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி எடுத்துக்கொள்ளலாம். பிறப்புக்கு மிக அருகில் எழுதப்பட்ட ஆவணத்துக்கே முதல் மரியாதை. பிறப்புச் சான்று, ஞானஸ்நானப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பள்ளிப் பதிவு என்று இறங்குவரிசையில் பாருங்கள். கலைஞர் தானே பிற்காலத்தில் பேட்டியில் சொன்னது வரிசையில் கீழேதான் வரும். படைச்சேர்ப்புப் பதிவும் கடவுச்சீட்டும் பார்வைக்கு அரசு ஆவணம்தான், ஆனால் அவற்றில் பல நேரம் அவரே வாயால் சொன்ன தேதிதான் ஏறியிருக்கும்.

பதிவான தேதியும் கொண்டாடும் தேதியும் வேறாக இருப்பதும் உண்டு. இளையராஜா பிறந்தது 1943 ஜூன் 3. மு. கருணாநிதியின் பிறந்தநாளும் அதே நாள் என்பதால், தன்னுடையதை ஜூன் 2 அன்றே வைத்துக்கொள்கிறார். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஆவணத்தில் 1943 பிப்ரவரி 25. வாழ்நாளின் பெரும்பகுதி அதைத்தான் அவரும் சொன்னார், பிற்காலத்தில் 24ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்பு பிறந்ததாக மாற்றிக்கொண்டார். இரண்டு தேதியையும் எழுதுங்கள், எது எந்த வகை என்றும் எழுதுங்கள். எகிப்தின் பாடகி உம் குல்தூம் விஷயத்தில் அதுவும் முடியாது: 1898 டிசம்பர் 31 என்றும் 1904 மே 4 என்றும் சொல்கிறார்கள், ஐந்து வருடத்துக்கு மேல் இடைவெளி. அங்கே 'சர்ச்சை' என்று குறித்துவிட்டு நகர வேண்டியதுதான்.

இடத்தையும் சரிபாருங்கள். பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃப் 1915 டிசம்பர் 19 அன்று பாரிஸின் பெல்வில் தெருவில், வீட்டு வாசற்படியில் பிறந்தார் என்று அங்கே கல்வெட்டே இருக்கிறது. பிறப்புச் சான்றோ தெனோன் மருத்துவமனை என்கிறது. கல்வெட்டு என்பதால் அது ஆதாரமாகிவிடாது.

ரஷ்யப் பேரரசில் பிறந்தவர்கள் வந்தால் நாட்காட்டியைக் கவனியுங்கள். அங்கே 1918 ஜனவரி 31க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14 ஆனது. அதற்கு முந்தைய தேதிகளில் 12 அல்லது 13 நாள் வித்தியாசம் ஒளிந்திருக்கும்.

இறந்த நாள்: எந்த ஊர்க் கடிகாரம்?

ஜான் லெனன் நியூயார்க்கில் கொல்லப்பட்டது 1980 டிசம்பர் 8, இரவு 11 மணியை ஒட்டி. அந்த நேரத்தில் லண்டனில் 9ஆம் தேதி அதிகாலை. இந்தியாவில் 9ஆம் தேதி காலை வேலைக்குக் கிளம்பும் நேரம். பழைய செய்தித்தாளைப் பார்த்து எழுதியவர்கள் 9 என்றோ 10 என்றோ போட்டுவிட இதுவே காரணம். விதி சுலபமானது: இறப்பு எங்கே நடந்ததோ அந்த ஊரின் நேரம். செய்தித்தாளின் தேதி, செய்தி அச்சான தேதி மட்டுமே.

கடினமானவை வேறு. ஹாங்க் வில்லியம்ஸ், அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையின் பெரும் பெயர், கச்சேரிக்குப் போகும் வழியில் காரின் பின்னிருக்கையில் இறந்தார். ஓட்டுநர் வண்டியை நிறுத்திப் பார்த்தபோது உயிர் எப்போது பிரிந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 1953 ஜனவரி 1 என்று பதிவாகியிருக்கிறது. முந்தைய நாள் இரவே நடந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஜனவரி 1ஐச் சந்தேகப்படச் சொன்னேன் அல்லவா, இங்கே அது தரவுத்தளத்தின் வேலை இல்லை. நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேனின் உடல் கண்டெடுக்கப்பட்டது 1994 ஏப்ரல் 8. இறந்தது ஏப்ரல் 5 என்பது மருத்துவப் பரிசோதனையின் மதிப்பீடு. பட்டியலில் 5 என்று போட்டு, பக்கத்தில் 'கண்டறிந்தது 8' என்று எழுதுங்கள்.

மறுபடி பியாஃப். அவர் இறந்தது 1963 அக்டோபர் 10, தெற்கு பிரான்ஸில். தன் ஊரான பாரிஸிலேயே இறந்ததாக இருக்கட்டும் என்று, உடலை இரகசியமாக அங்கே கொண்டுபோய் மறுநாள் அறிவித்தார்கள். அதனால் அதிகாரபூர்வத் தேதி அக்டோபர் 11. பிறப்பு, இறப்பு இரண்டிலும் ஆவணம் ஒன்று சொல்ல நிகழ்வு வேறொன்று சொல்லும் இப்படியொரு வாழ்க்கை, இந்த வேலையைக் கற்றுக்கொள்பவருக்கு வாய்த்த பாடப்புத்தகம்.

வயதைக் கணக்கிடும்போது ஆண்டிலிருந்து ஆண்டைக் கழித்துவிட்டு நிறுத்தாதீர்கள். ராக் பாடகர் பட்டி ஹாலி பிறந்தது 1936 செப்டம்பர் 7, விமான விபத்தில் இறந்தது 1959 பிப்ரவரி 3. கழித்தால் 23 வரும். ஆனால் அந்த வருடப் பிறந்தநாள் வரவேயில்லை, வயது 22.

அப்புறம் அந்த '27 வயது' பட்டியல். ராபர்ட் ஜான்சன், பிரையன் ஜோன்ஸ், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின், ஜிம் மாரிசன், கோபேன், ஏமி வைன்ஹவுஸ் எல்லாரும் 27இல் இறந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதே வயதில் இறக்காத ஆயிரக்கணக்கானோரை யாரும் எண்ணுவதில்லை. அதை மர்மமாக்கி எழுதும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. இறப்புக் குறிப்பில் பெயர், தேதி, இடம், வயது, அவர் விட்டுப்போன வேலை இவை போதும். எப்படி இறந்தார் என்ற விவரணை பெரும்பாலும் தேவைப்படாது.

ஒலிப்பதிவு: ஒரே பாட்டுக்கு ஐந்து தேதி

பட்டியல்களில் மிக அதிகம் குழம்பிக் கிடப்பது இந்தப் பகுதிதான்; எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஒரு பாட்டுக்குக் குறைந்தது ஐந்து தேதிகள் இருக்கலாம்: பாடிப் பதிந்த நாள், பிறகு கூடுதல் இசை சேர்த்த நாள், வானொலியில் முதலில் ஒலித்த நாள், தட்டு வெளியான நாள், தரவரிசையில் ஏறிய நாள். 'வந்தது' என்று மொட்டையாக எழுதினால் இந்த ஐந்தில் எது என்று யாருக்குத் தெரியும்?

எல்விஸ் பிரெஸ்லியின் 'தட்ஸ் ஆல் ரைட்' மெம்ஃபிஸ் நகரின் சன் ஸ்டுடியோவில் பதிவானது 1954 ஜூலை 5. ஓரிரு நாளில் டூயி ஃபிலிப்ஸ் என்ற உள்ளூர் வானொலி அறிவிப்பாளர் அதை ஒலிபரப்பினார். அது 7ஆ 8ஆ என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. தட்டு வெளியானது ஜூலை 19. மூன்றும் மூன்று தனி நிகழ்வுகள், மூன்றும் பட்டியலில் இடம் பெறத் தகுந்தவை.

இன்னும் தெளிவான உதாரணம் பில் ஹேலியின் 'ராக் அரௌண்ட் த கிளாக்'. நியூயார்க்கில் 1954 ஏப்ரல் 12 அன்று பதிவாகி, அடுத்த மாதமே வெளிவந்தது. ஓரளவு விற்று அடங்கிவிட்டது. 1955இல் ஒரு திரைப்படத்தின் தொடக்கத்தில் அதைச் சேர்த்தார்கள், பாட்டு பற்றிக்கொண்டது. அந்த ஜூலையில் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம். இதை '1955இன் பாட்டு' என்று எழுதினாலும் தவறில்லை, '1954இன் பாட்டு' என்று எழுதினாலும் தவறில்லை, எந்த நிகழ்வுக்குரிய ஆண்டு என்று சொல்லிவிட்டால்.

பதிவான தேதியைக் கண்டுபிடிப்பது எப்படி? நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய ஷெல்லாக் (அரக்கு) தட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளில் அச்சாகியிருக்கும் எண் விற்பனைக்கானது. கடைக்காரர் அட்டவணையில் தேடுவதற்கு வைத்தது. லேபிளுக்கும் பாட்டின் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே வழுவழுப்பான ஒரு வளையம் இருக்கும். தட்டை விளக்கொளியில் சாய்த்தால், அங்கே பொறித்த எழுத்துகளும் எண்களும் மெல்லத் தெரியவரும். அதுதான் மேட்ரிக்ஸ் எண். பதிவறையில் மெழுகில் வெட்டிய மூலத் தட்டுக்குக் கொடுத்தது. கூடவே எத்தனையாவது முயற்சி என்ற எண்ணும் இருக்கலாம். நிறுவனத்தின் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே தேதியும் ஊரும் இருக்கும்.

அந்தப் பதிவேடுகளைத் தேடி யாரும் இப்போது நிலவறைக்குப் போக வேண்டியதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாக நூலகம், விக்டர், கொலம்பியா, ஓகே போன்ற நிறுவனங்களின் பழைய அமெரிக்க ஒலிப்பதிவுகளைப் பெரிய தரவுத்தளமாக இணையத்தில் வைத்திருக்கிறது. மேட்ரிக்ஸ் எண்ணையோ பாடியவர் பெயரையோ கொடுத்தால் நாள், இடம், முயற்சிகள் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: விக்டர் நிறுவனம் ஒரு பாட்டைப் பிறகு மறுபடி பதிந்தபோது பழைய மேட்ரிக்ஸ் எண்ணையே வைத்துக்கொண்டு, முயற்சி எண்ணை மட்டும் கூட்டியது உண்டு. அதனால் முயற்சி எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

மேலே சொன்ன கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லி முடிப்பார். கல்கத்தாவில் பதிந்த மூலம் ஜெர்மனியின் ஹானோவருக்குக் கப்பலேறித்தான் தட்டாக அச்சாக வேண்டும். அங்கிருப்பவர்களுக்கு எந்தத் தட்டு யாருடையது என்று தெரிய அந்த அறிவிப்பு உதவியது. பதிவு ஒரு கண்டத்தில், அச்சு இன்னொரு கண்டத்தில் என்றால், பதிவான தேதியும் விற்பனைத் தேதியும் மாதக்கணக்கில் விலகியே இருக்கும்.

ஒலிநாடா வந்த பிறகு கதை மாறியது. பீட்டில்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தின் பத்துப் பாட்டுகளை 1963 பிப்ரவரி 11 என்ற ஒரே நாளில் பதிந்து முடித்தார்கள்; அந்தப் பத்துக்கும் ஒரு 'பதிவு நாள்' உண்டு என்று தைரியமாகச் சொல்லலாம். நான்கே ஆண்டு கழித்து 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்துக்கு மாதக்கணக்கில் பதிவு நீண்டது. அதற்குத் தொடக்கமும் முடிவும் கொடுக்கலாமே தவிர ஒற்றை நாள் கிடையாது. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பம் இரண்டுக்கும் நடுவே: 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாள்; வெளியீடு ஆகஸ்ட் 17.

அமெரிக்கப் பாடகர் ஓடிஸ் ரெடிங் 'டாக் ஆஃப் த பே' பாட்டை 1967 நவம்பரிலும் டிசம்பரின் முதல் வாரத்திலுமாகப் பதிந்தார். டிசம்பர் 10 அன்று விமான விபத்தில் இறந்தார். பாட்டு வெளிவந்தது 1968 ஜனவரி 8. வெளியீட்டுத் தேதியை மட்டும் பார்த்து எழுதுபவர், இறந்தவர் பாடினார் என்று எழுதியவராவார்.

வெளியீட்டுத் தேதிக்கும் நாடு வேண்டும். 'சார்ஜன்ட் பெப்பர்' அதிகாரபூர்வமாக 1967 ஜூன் 1. ஆனால் பிரிட்டனில் மே 26 அன்றே அவசரமாகக் கடைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் ஜூன் 2. கிழமையைப் பார்ப்பதும் நல்ல சோதனை. 2015 ஜூலை 10 முதல் உலகெங்கும் புது வெளியீடு வெள்ளிக்கிழமை என்று ஏற்பாடானது. அதற்கு முன் பல ஆண்டுகள் அமெரிக்காவில் செவ்வாய், பிரிட்டனில் திங்கள். 1990களின் அமெரிக்க ஆல்பம் ஒன்று ஞாயிறு வெளியானதாகப் போட்டிருந்தால், எங்கோ இடறியிருக்கிறது.

பாட்டுக் கேட்கும் செயலிகளில் காட்டும் ஆண்டை ஆதாரமாக எடுக்கவே வேண்டாம். மறுபதிப்பு வந்த ஆண்டு, தொகுப்பு வந்த ஆண்டு எதுவாகவும் அது இருக்கலாம். டிஸ்காக்ஸ் தளத்தில் லேபிள் படங்கள் கிடைக்கும், அதற்கு அது அருமை. தேதிக்குப் பெரும்பாலும் ஆண்டோடு நின்றுவிடும். மியூசிக்பிரெய்ன்ஸ் தளம் அரைகுறைத் தேதியை அரைகுறையாகவே பதிய விடுகிறது, அந்த நேர்மைக்காகவே எனக்குப் பிடிக்கும். அந்தக் காலத் தொழில் இதழ்களான பில்போர்டு, கேஷ் பாக்ஸ் போன்றவற்றின் பழைய பக்கங்கள் இணையத்தில் படமாகக் கிடைக்கின்றன. 'இந்த வாரம் வெளியானவை' பகுதியும் விளம்பரங்களும் நல்ல சாட்சி. பில்போர்டின் இதழ்த் தேதி, அது கைக்கு வந்த நாளுக்குப் பிந்தையது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

திரைப்பாட்டு சேகரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. படம் வெளியான நாள்தான் சுலபமாகக் கிடைக்கும். பாட்டு பதிவானது அதற்குப் பல மாதம் முன்பாக இருக்கும், தட்டும் பெரும்பாலும் முன்னதாகவே வந்திருக்கும். பதிவு நாள் தெரியாவிட்டால் 'படம் வெளியான நாள்' என்று தெளிவாக எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு நாளை முழுதாகச் செய்து பார்ப்போம்

ஆகஸ்ட் 4ஐ எடுத்துக்கொள்வோம், அது வளமான நாள். முதலில் கிடைத்ததையெல்லாம் எழுதிக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றையும் 'அந்த நாளில் சரியாக என்ன நடந்தது?' என்ற கேள்வியால் தட்டிப் பார்க்க வேண்டும். தட்டிய பிறகு என் பக்கம் ஏறத்தாழ இப்படி நிற்கிறது:

1901 — லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் பிறப்பு, நியூ ஆர்லியன்ஸ். ஞானஸ்நானப் பதிவின்படி. அவரே சொல்லிவந்தது 1900 ஜூலை 4.

1927 — கன்ட்ரி பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ் முதல் முறையாகப் பாடிப் பதிந்தது, பிரிஸ்டல், டென்னசி. விக்டர் நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் நடத்திய பதிவு; ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை நடந்த முகாமில் ஒரு நாள். இரண்டு பாட்டுகள்.

1929 — கிஷோர் குமார் பிறப்பு, கண்ட்வா. இயற்பெயர் ஆபாஸ் குமார் கங்குலி.

1958 — பில்போர்டின் 'ஹாட் 100' தரவரிசை முதல் முறையாக வெளியானது, இதழ்த் தேதி. முதலிடத்தில் ரிக்கி நெல்சன்.

இதில் 1927ஐக் கவனியுங்கள். 'கன்ட்ரி இசை பிறந்த நாள்' என்று பல பட்டியல்கள் இதை முழங்கும். அப்படி எதுவும் ஒரு நாளில் பிறப்பதில்லை. அதே முகாமில் கார்ட்டர் குடும்பம் என்ற பாடகர் குழு ஆகஸ்ட் 1, 2 தேதிகளிலேயே பதிந்துவிட்டது, அந்த வகைத் தட்டுகள் அதற்கு முன்பே விற்பனையில் இருந்தன. 'முதல்' என்ற சொல் வரும்போதெல்லாம் 'எதில் முதல்?' என்று கேட்டுவிடுங்கள். 'ராட்ஜர்ஸின் முதல் பதிவு' நிற்கும், 'கன்ட்ரி இசையின் முதல் பதிவு' நிற்காது. 1917 பிப்ரவரி 26 அன்று ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் பதிந்ததை 'முதல் ஜாஸ் பதிவு' என்பதற்குப் பதிலாக 'முதல் ஜாஸ் தட்டாக வெளியான பதிவு என்று பொதுவாகக் கொள்ளப்படுவது' என்று எழுதுவதும் இதனால்தான். நீளம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு பக்கம் நிரம்பத் தொடங்கியதும் தற்செயல்கள் கண்ணில் படும். ராபர்ட் ஜான்சன் 1938, எல்விஸ் 1977, அரேத்தா ஃபிராங்க்ளின் 2018 மூவரும் மறைந்தது ஆகஸ்ட் 16. ஜூன் 24இல் கண்ணதாசன் 1927, எம். எஸ். விஸ்வநாதன் 1928 பிறப்பு. அதே நாளில் 1935இல் கார்டெல், 1989இல் ஜப்பானியப் பாடகி மிசோரா ஹிபாரி மறைவு. பக்கத்துக்கு அழகு சேர்க்கும், சேர்த்து எழுதுங்கள். விதி என்று மட்டும் எழுதாதீர்கள். இருப்பதே 366 கட்டம், கலைஞர்களோ ஆயிரக்கணக்கில்.

எழுதும்போதும் திருத்தும்போதும்

ஒரு நாளுக்கு மூன்று அல்லது நான்கு குறிப்பு போதும். மற்றவை அட்டவணையிலேயே இருக்கட்டும், இன்னொரு வருடத்துக்கு ஆகும். தேதியும் நிகழ்வும் யாருக்கும் சொந்தமில்லை, தாராளமாக எடுக்கலாம். பிறர் எழுதிய வாக்கியமும் பாட்டு வரிகளும் அப்படியல்ல. புகைப்படத்துக்கும் இதே எச்சரிக்கை.

பிப்ரவரி 29க்குத் தனிப் பக்கம் வையுங்கள். 1904இல் அந்த நாளில் பிறந்த ஜாஸ் கலைஞர் ஜிம்மி டார்சியை மற்ற மூன்று வருடமும் பிப்ரவரி 28இல் போடுவதா, மார்ச் 1இல் போடுவதா என்பது உங்கள் விருப்பம். ஒரு முறை முடிவு செய்துவிட்டு மாற்றாமல் இருங்கள்.

தேதிகள் மாறிக்கொண்டேயிருக்கும். பாப் டிலனின் 'ப்ளாண்ட் ஆன் ப்ளாண்ட்' ஆல்பத்துக்கு நெடுங்காலம் 1966 மே 16 என்றுதான் எல்லாரும் எழுதினார்கள்; பின்னர் நடந்த ஆய்வு ஜூன் 20 என்று நகர்த்தியது. இப்படி வரும்போது பழைய தேதியை அழித்துவிடாமல், 'முன்பு கருதியது' என்று பக்கத்தில் குறித்து வைத்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். பழைய பட்டியலைப் பார்த்துவிட்டு யாராவது 'தப்பாகப் போட்டிருக்கிறீர்கள்' என்று கேட்டு வந்தால், அந்த வரியை எடுத்துக் காட்டிவிடலாம்.